சக்கை லிக்கரும் தண்ணீர்க் கணக்கும்: ரெக்கவரி பாய்லர் ஓட்டுபவர்களுக்கு

கரும்புச்சக்கையைச் சமைக்கும் காகித ஆலையில், சமையலில் மிஞ்சும் திரவத்தை (லிக்கரை) எரித்து ஆவியும் சோடாவும் மீட்கும் ரெக்கவரி பாய்லர் ஆவி குறைவாகத் தருகிறது என்று புகார் வந்தால், முதலில் கூழ் கழுவும் வாஷரைப் போய்ப் பாருங்கள். பாதிப் பதில் அங்கேயே கிடைத்துவிடும். மீதியில் பெரும்பங்கு லிக்கரைச் சுண்டவைக்கும் எவாப்பரேட்டரில் இருக்கும். பாய்லர் தனக்கு வந்துசேர்ந்ததைத்தான் எரிக்கிறது.

தமிழ்நாட்டில் புகளூர் டி.என்.பி.எல். (தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம்) ஆலையும் பள்ளிபாளையம் சேஷசாயி ஆலையும் மரத்தோடு சக்கையையும் கூழாக்குகின்றன. உலகின் பெரும்பாலான ரெக்கவரி பாய்லர் கையேடுகளோ பைன், யூகலிப்டஸ் போன்ற மரங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அந்த எண்களை அப்படியே சக்கைக்குப் பொருத்தினால் எங்கெல்லாம் உதைக்கும் என்பதே இந்தக் குறிப்புகளின் பொருள்.

அடிப்படை எல்லோரும் அறிந்ததுதான். சோடியம் ஹைட்ராக்சைடும் சோடியம் சல்ஃபைடும் கலந்த ஒயிட் லிக்கரில் நாரைச் சமைக்கிறோம். நாரைப் பிடித்திருந்த லிக்னின் கரைந்து, செலவான சோடாவோடு சேர்ந்து பிளாக் லிக்கராக வெளியேறுகிறது. அதைச் சுண்டவைத்து உலையில் எரித்தால் லிக்னின் வெப்பமாகிறது, சோடா உருகி அடியில் ஸ்மெல்ட்டாக வழிகிறது. இந்த இரண்டு வேலையையும் ஒரே தண்ணீர்க் குழாய் உலைக்குள் செய்துகாட்டியது டாம்லின்சனின் வடிவமைப்பு. 1934இல் கனடாவின் கியூபெக் மாநிலத்து விண்ட்சர் மில்ஸ் ஆலையில் ஓடத் தொடங்கியது. இன்றைய பாய்லர்கள் பல மடங்கு பெரியவை, ஆனாலும் தத்துவம் அதுவேதான்.

தண்ணீர்க் கணக்கிலிருந்து தொடங்கலாம். மரக்கூழ் ஆலையில் வாஷரிலிருந்து வரும் வீக் லிக்கரில் (நீர்த்த பிளாக் லிக்கரில்) திடப்பொருள் சுமார் 15 சதவீதம். சக்கையில் 10 சதவீதம் கிடைப்பதே பெரிது. சக்கைக் கூழ் தண்ணீரை எளிதில் விடாது என்பதால் வாஷரில் அதிகத் தண்ணீர் ஊற்றித் தள்ள வேண்டியிருக்கிறது. ஒரு டன் திடப்பொருளை 70 சதவீதத்துக்குச் சுண்டவைக்க மர லிக்கரில் 5.2 டன் தண்ணீரை ஆவியாக்கினால் போதும். சக்கை லிக்கரில் அது 8.6 டன். எவாப்பரேட்டர் ஒரு கிலோ ஆவிக்கு ஐந்தரைக் கிலோ தண்ணீரை ஓட்டுகிறது என்று வைத்துக்கொண்டால் முன்னதற்கு 950 கிலோ ஆவி, பின்னதற்கு 1,560 கிலோ. அந்த ஒரு டன் திடப்பொருளை எரித்தால் பாய்லர் தருவதே ஏறத்தாழ 3 டன் ஆவிதான். அதாவது விளைந்ததில் பாதி, விளைவிப்பதற்கே போகிறது.

வாஷரில் ஷவர் வால்வை அரைச் சுற்று கூடுதலாகத் திறந்து வைக்கும் பழக்கத்தின் விலை இதுதான். நாளுக்கு 500 டன் கூழ் எடுக்கும் ஆலையில், டன் கூழுக்கு ஒரு டன் தண்ணீர் கூடினால் நாளுக்கு 90 டன் ஆவி எவாப்பரேட்டரில் கரையும். அதற்காகத் தண்ணீரைக் கண்மூடித்தனமாகக் குறைக்கவும் முடியாது. கழுவல் இழப்பு டன்னுக்கு 5 கிலோ சோடியம் சல்பேட் அளவு உயர்ந்தாலே நாளுக்கு இரண்டரை டன் ரசாயனம் கூழோடு போய் பிளீச்சிங்கிலும் கழிவுநீரிலும் சேர்கிறது. இரண்டு எண்களையும் ஒரே தாளில், ஒரே ஷிப்டில் பதிந்தால்தான் பேச முடியும். பல இடங்களில் வாஷர் இழப்பைக் கூழ்ப் பிரிவும், வீக் லிக்கரின் அடர்த்தியைச் சோடா ரெக்கவரியும் தனித்தனிப் பதிவேடுகளில் எழுதிவைத்துவிட்டு, மாதக் கடைசியில் ஒருவரையொருவர் குறை சொல்கிறார்கள்.

அடுத்தது சிலிக்கா. கரும்பு மண்ணிலிருந்து உறிஞ்சுவது ஒரு பங்கு, அறுவடையில் ஒட்டிவரும் மணலும் மண்ணும் இன்னொரு பங்கு. சக்கையின் கால்வாசிக்கும் மேல் இருக்கும் பித் எனப்படும் உள்சோறு நாருக்கு உதவாது, காரத்தை மட்டும் தின்னும். ஒட்டிய மண்ணும் அதோடுதான் தங்குகிறது. சர்க்கரை ஆலையிலேயே ஒரு முறையும், கூழாலையில் ஈரநிலையில் இன்னொரு முறையும் பித்தை நீக்குவது இதற்காகத்தான். டீபித்தரின் சல்லடை தேய்ந்ததைக் கவனிக்காமல் விட்டால், அதன் பலன் சில வாரங்கள் கழித்து எவாப்பரேட்டர் குழாயில் தெரியும். இடைவெளி நீளமானதால் யாரும் இரண்டையும் முடிச்சுப் போடுவதில்லை.

சிலிக்கா லிக்கரில் கரைந்து நிற்பது காரத்தின் தயவால். சமையல் முடிவில் மிச்ச ஆல்கலி லிட்டருக்கு 5 முதல் 7 கிராம் வரை இருக்கும்வரை சிக்கல் குறைவு. பி.எச். 12க்குக் கீழே இறங்கத் தொடங்கினால் லிக்கர் கெட்டியாகத் தொடங்கும். இன்னும் இறங்கினால் சிலிக்காவும் லிக்னினும் சேர்ந்து பிரியும். கூழ்ப் பிரிவு காரத்தை மிச்சப்படுத்தியதாகப் பெருமைப்படும் மாதங்களில் எவாப்பரேட்டர் அடைப்பு கூடுவது தற்செயலன்று. வீக் லிக்கரைத் தொட்டியில் நாள்கணக்கில் வைத்திருந்தாலும் காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடு காரத்தைத் தின்னும். அளவு இறங்கியிருந்தால் எவாப்பரேட்டருக்குள் விடும் முன் கொஞ்சம் ஒயிட் லிக்கரைக் கலந்து தூக்கிவிடுங்கள். வீணடிப்பதாகத் தோன்றும், ஆனால் அந்தச் சோடா சுற்றி வந்து கையில்தான் சேரும்.

எவாப்பரேட்டரில் படியும் படிவை இனம் காணாமல் கழுவ இறங்குவது நேர விரயம். திடப்பொருள் 50 சதவீதத்தை நெருங்கும்போது சோடியம் கார்பனேட்டும் சல்பேட்டும் இணைந்து படிகமாகக் குழாயில் ஒட்டும். இது தண்ணீரில் கரையும் இனம். எவாப்பரேட்டரின் அந்த அடுக்கை (எஃபெக்டை) வீக் லிக்கரிலோ சுடுநீரிலோ மாற்றி ஓட்டினால் போய்விடும். கழுவியபின் வெப்பப் பரிமாற்றம் உடனே பழைய நிலைக்கு வந்தால் இதுதான் என்று உறுதி செய்துகொள்ளலாம். கால்சியம் படிவு அதிக வெப்பமுள்ள முதல் எஃபெக்டில் வரும், தண்ணீருக்கு அசையாது, தடுப்பான் சேர்த்த அமிலத்துக்குக் கரையும். மூன்றாவதுதான் சக்கைக்காரர்களின் சொந்தச் சொத்து: அலுமினியமும் சிலிக்காவும் சேர்ந்த கண்ணாடி போன்ற மெல்லிய பூச்சு. தடிமன் ஒரு மில்லிமீட்டர்கூட இராது, வெப்பத்தை மட்டும் மறித்துவிடும். இதற்குக் காரக் கொதிப்பு ஓரளவு உதவும். பெரும்பாலும் உயர் அழுத்த நீர்ப்பீச்சிதான் கதி.

அமிலம் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பிளாக் லிக்கரோ கிரீன் லிக்கரோ (ஸ்மெல்ட்டைக் கரைத்த திரவம்) மிச்சமிருக்கும் இடத்தில் அமிலம் பட்டால் ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் ஓடிவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. செறிவு கூடினால் மூக்கு மரத்துப்போகும், நாற்றமே தெரியாது. அமிலக் கழுவலுக்கு முன் லிக்கர் வரும் எல்லாக் குழாய்களிலும் வால்வை மூடினால் போதாது, குழாயை அடைக்கும் பிளைண்ட் தகடு போட வேண்டும். கழுவிய அமிலம் போகும் வடிகாலில் லிக்கர் கலக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஆள் சாகும் ஆபத்து அந்த வடிகால் பக்கத்திலும் உண்டு.

முதல் எஃபெக்டின் ஆவி குளிர்ந்த நீர் (கன்டென்சேட்) பாய்லர் ஊட்டநீருக்குத் திரும்புகிறது. குழாயில் ஓட்டை விழுந்தால் லிக்கர் அதில் கலக்கும். கண்டக்டிவிட்டி மீட்டர் எல்லையைத் தாண்டினால் தானாக வெளியே கொட்டும் ஏற்பாடு இருக்க வேண்டும், அது வேலை செய்கிறதா என்று வாரம் ஒருமுறை சோதிக்கவும் வேண்டும். கன்டென்சேட் வீணாகிறதே என்று அந்த வால்வைக் கையால் மூடிக் கட்டிவைப்பது, பாய்லர் குழாயின் உட்புறத்தை லிக்கரால் பூசுவதற்குச் சமம்.

இனி எரிப்பு. எத்தனை சதவீதத்தில் எரிக்கலாம்? பாதுகாப்பின் கீழ் எல்லை 58 சதவீதம். அமெரிக்காவில் 1960களின் தொடக்கத்திலிருந்து ரெக்கவரி பாய்லர் வெடிப்புகளை ஆராய்ந்துவரும் பி.எல்.ஆர்.பி.ஏ.சி. குழு வகுத்த எல்லை இது. அதற்குக் கீழே போனால் லிக்கரை உலையிலிருந்து உடனே திருப்பிவிட வேண்டும். உலைக்கு லிக்கர் போகும் ஃபயரிங் லைனில் அடுத்தடுத்து, திடப்பொருளை அளக்கும் இரண்டு ரிஃப்ராக்டோமீட்டர்கள் இருப்பதன் காரணம், ஒன்றை மட்டும் நம்பக்கூடாது என்பதே. இரண்டும் இரண்டு புள்ளி வித்தியாசம் காட்டினால் எது சரி என்று வாதாடிக்கொண்டிருக்காமல், குறைவாகக் காட்டுவதை உண்மையென்று எடுத்துக்கொண்டு, கையால் மாதிரி எடுத்து ஆய்வகத்தில் உலர்த்திப் பாருங்கள். சிலிக்கா லிக்கரில் மீட்டரின் கண்ணாடியில் பூச்சு படியும், படிந்தால் காட்டும் எண்ணை நம்ப முடியாது.

58 பாதுகாப்பின் எல்லை மட்டுமே, லாபத்துக்கு அது போதாது. 60 சதவீதத்தில் எரித்தால் ஒரு டன் திடப்பொருளோடு 667 கிலோ தண்ணீர் உலைக்குள் போகிறது. 70இல் 429 கிலோ. இடையிலுள்ள 238 கிலோவை எவாப்பரேட்டரில் ஓட்ட 43 கிலோ ஆவி போதும். உலைக்குள் ஓட்டினால் கால் டன் ஆவிக்கான வெப்பம் புகைபோக்கி வழியே போய்விடும். சக்கை லிக்கரை 70க்குக் கொண்டுபோவது கடினம் என்பது உண்மைதான். 50ஐத் தாண்டினாலே பாகு பிடிக்கும். கடைசி கான்சென்ட்ரேட்டருக்குப் பம்பால் சுழற்றும் அமைப்பும், சூட்டோடு வைத்திருக்கும் தொட்டியும் தேவை. இருந்தாலும் அந்தச் செலவு திரும்பி வரும் என்பதே எங்கள் கணிப்பு.

லிக்கரை உலைக்குள் தெளிக்கும் லிக்கர் கன்னில் கவனிக்க வேண்டியவை மூன்று: வெப்பம், அழுத்தம், நாசிலின் அளவு. துளிகள் 2 முதல் 5 மில்லிமீட்டர் வரை இருந்தால் பறக்கும்போதே உலர்ந்து, உலைத் தரையில் குவியும் பெட்டில் கரியாக விழும். வெப்பம் கூடினால் லிக்கர் நாசில் முனையிலேயே கொதித்துச் சிதறும், துளி பொடியாகும், மேலே சூப்பர்ஹீட்டர் பக்கம் பொறிகளாகப் பறக்கும். குறைந்தால் பெரிய துளி ஈரத்தோடு விழுந்து பெட்டைக் கறுப்பாக்கும். திடப்பொருள் ஒரு சதவீதம் மாறினாலே லிக்கரின் கொதிநிலையும் பாகுநிலையும் மாறுவதால், “இந்த பாய்லருக்கு 118 டிகிரி” என்று எழுதி ஒட்டிவைப்பதில் பொருளில்லை. ஒரு டிகிரி மாற்றினாலும் பெட்டின் போக்கு தெரியப் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கொரு முறை திருகுபவர் இரவு முழுக்கத் திருகிக்கொண்டே இருப்பார்.

சிலிக்கா நிறைந்த லிக்கர் எரியும்போது மர லிக்கர் அளவுக்கு உப்பாது. உப்பினால்தான் துளியின் மேற்பரப்பு விரியும், காற்று உள்ளே போகும். அதனால் சக்கை மட்டும் எரியும் நாள்களில் பெட் அடர்த்தியாக, மந்தமாக இருக்கும். மர லிக்கர் கலந்த நாள்களில் சுறுசுறுப்பாக இருக்கும். கலவை விகிதத்தை நாளுக்கு நாள் தடாலடியாக மாற்றாமல் இருப்பதே பாய்லருக்குச் செய்யும் பெரிய உதவி.

பெட்டின் மேற்பரப்பு 1,000 டிகிரி செல்சியஸைச் சுற்றி இருக்கும்போதுதான் கரி சோடியம் சல்பேட்டின் ஆக்சிஜனைப் பிடுங்கி அதைச் சல்ஃபைடாக்கும். ஸ்மெல்ட்டில் சல்ஃபைடாக மாறிய பங்கு 90 சதவீதத்துக்குக் கீழே போனால், சமையலுக்கு உதவாத சல்பேட் வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும். பிரைமரி காற்று பெட்டின் விளிம்பைச் சூடாக வைத்து ஸ்மெல்ட்டை ஓடச் செய்வதற்கு. செகண்டரி பெட்டின் தலையை வெட்டி உயரத்தைக் கட்டுப்படுத்துவதற்கு. மேலே வரும் டெர்ஷியரி மிச்சமிருக்கும் வாயுவை எரித்து முடிப்பதற்கு. பிரைமரியைக் கூட்டினால் பெட் பளபளவென்று தெரியும், பார்க்க அழகு. அதே காற்று ஏற்கெனவே உண்டான சல்ஃபைடை மீண்டும் சல்பேட்டாக்கிவிடும் என்பது ஆய்வக அறிக்கை வந்தபின்தான் தெரியும்.

பெட் கறுத்து, கார்பன் மோனாக்சைடும் சல்பர் டை ஆக்சைடும் சேர்ந்து ஏறினால் பெட் குளிர்கிறது என்று பொருள். லிக்கரின் அளவைக் குறைத்து, ஸ்டார்ட்-அப் பர்னரை ஏற்றி, திடப்பொருளைச் சரிபாருங்கள். காற்றை மட்டும் கூட்டிச் சமாளிக்கப் பார்த்தால் குளிர்ச்சி கூடவே செய்யும்.

சாம்பல் ஒரு நல்ல சாட்சி. புகையிலுள்ள தூளைப் பிரிக்கும் ஈ.எஸ்.பி.யில் பிடிபடும் வெள்ளைத் தூளில் ஒரு பங்கை நூறு பங்கு தண்ணீரில் கரைத்து பி.எச். பாருங்கள். பத்தரைக்கு மேல் இருந்தால் கார்பனேட் மிச்சம் இருக்கிறது, பெட் சூடாக இருக்கிறது. பத்துக்குக் கீழே இறங்கினால் கந்தகம் மிகுந்து, ஒட்டும் அமில சல்பேட் உருவாகும் ஆபத்து. இதற்கு ஆகும் செலவு ஒரு பீக்கரும் ஒரு மீட்டரும்தான். ஷிப்டுக்கு ஒருமுறை செய்யாமலிருக்கக் காரணமே இல்லை.

சக்கையில் மரத்தைவிடப் பொட்டாசியமும் குளோரைடும் அதிகம். இவை ஆவியாகிச் சாம்பலில் சேரும். அந்தச் சாம்பலை மிக்ஸ் டேங்கில் லிக்கரோடு கலந்து திரும்பத் திரும்ப எரிப்பதால், சுற்றுக்குச் சுற்று செறிவு கூடும். அவை கூடக்கூடச் சாம்பல் உருகத் தொடங்கும் வெப்பநிலை இறங்கும். சாம்பலில் 15 சதவீதம் உருகிய நிலையில் இருந்தாலே குழாயில் ஒட்டும். 70 சதவீதத்தைத் தாண்டினால் வழிந்துவிடும். இடைப்பட்ட எல்லை சூப்பர்ஹீட்டரிலோ பாய்லர் பேங்க் முகப்பிலோ விழுந்தால் சாம்பலை ஊதித்தள்ளும் சூட் புளோயர் எத்தனை ஓட்டினாலும் அசையாத கட்டி வளரும். சாம்பலில் ஒரு பங்கை அவ்வப்போது வெளியேற்றுவது ஒன்றே எளிய வழி. சோடா போகிறதே என்று கணக்குப் பிரிவு கேட்கும். அடைத்த பாய்லரை நிறுத்தித் தண்ணீரில் கழுவும் நாள்களின் உற்பத்தி இழப்பை எதிரில் வையுங்கள், கேள்வி நின்றுவிடும்.

ஸ்மெல்ட் வெளியே வழியும் ஸ்பவுட்டைக் குளிர்விக்கும் நீரை 60 டிகிரிக்கு மேல், சுத்திகரித்த நீராக, வெளிக்காற்றைவிடக் குறைந்த அழுத்தத்தில் ஓட விடுவார்கள். ஸ்பவுட் வெடித்தால் தண்ணீர் பீறிடாமல் காற்று உள்ளே உறிஞ்சப்படும் என்பதே காரணம். இந்த ஏற்பாட்டை மாற்றி, குளிர்ச்சி போதவில்லை என்று பம்ப் அழுத்தத்தை ஏற்றிவைத்தால் பாதுகாப்பு பறிபோய்விடும். ஸ்பவுட் அடைத்து வெகுநேரம் கழித்துத் திறக்கும்போது, உள்ளே தேங்கிய ஸ்மெல்ட் மொத்தமாகக் கொட்டி, ஸ்மெல்ட்டைக் கரைக்கும் டிஸால்விங் டேங்கை வெடிக்க வைக்கும். ஆகவே அடைப்பைக் குத்தும் கம்பியை எடுக்கும் முன்பே டேங்கின் கலக்கி ஓடுகிறதா, ஸ்மெல்ட்டைச் சிதறடிக்கும் ஷேட்டர் ஜெட் ஆவி வருகிறதா, வீக் வாஷ் (சுண்ணாம்புச் சேறு கழுவிய நீர்) போதுமான அளவு வருகிறதா என்று பாருங்கள். முகக்கவசமும் தீத்தடுப்பு உடுப்பும் இல்லாத எவரும் அந்தத் தளத்தில் நிற்கக்கூடாது. டேங்கில் சோடாச் செறிவை எல்லை தாண்ட விட்டால் கிரீன் லிக்கர் குழாயில் கல்போன்ற படிவு வரும். அதற்காக நிறுத்தும் நேரத்தில் டேங்க் நிரம்பும், இன்னொரு ஆபத்து.

இந்த உலைக்குள் 800 டிகிரி ஸ்மெல்ட்டும் தண்ணீரும் சந்தித்தால் நடப்பது எரிபொருள் வெடிப்பு அன்று. தண்ணீர் கண்ணிமைக்கும் நேரத்தில் ஆவியாக விரிவதால் வரும் அதிர்ச்சி அது. உலைச் சுவரையே கிழிக்கும். குழாய் ஓட்டையால் மட்டும் தண்ணீர் வருவதில்லை. லிக்கர் லைனைக் கழுவிய தண்ணீர் கன் வழியாக உள்ளே போய் நேர்ந்த வெடிப்புகளும் உண்டு. கழுவும்போது கன்னை உலையிலிருந்து வெளியே இழுத்துவைப்பது விதி, விருப்பம் அன்று.

ஊட்டநீருக்கும் ஆவிக்கும் இடையில் காரணமில்லாத வித்தியாசம், உலை அழுத்தம் திடீரென ஆடுதல், புகையை இழுக்கும் ஐ.டி. ஃபேனின் சுமை ஏறுதல், பெட்டில் ஓரிடம் மட்டும் கறுத்தல், டிரம்மில் பாஸ்பேட் அளவு தானாக இறங்குதல் ஆகியவற்றில் இரண்டு சேர்ந்து வந்தால் சந்தேகப்படுங்கள். தண்ணீர் உலைக்குள் போகிறது என்ற நியாயமான சந்தேகமே அவசர நிறுத்தத்துக்குப் போதும், உறுதியாகும்வரை காத்திருக்கக்கூடாது. அபாயச் சங்கு, எல்லோரும் வெளியே, எல்லா எரிபொருளும் நிறுத்தம், ஊட்டநீர் நிறுத்தம், பிரைமரி காற்று மூடல், உலைத் தரையின் மிகத் தாழ்ந்த புள்ளியிலிருந்து 2.4 மீட்டர் உயரம் வரை தண்ணீரை வடித்தல். பட்டனை அழுத்தும் அதிகாரம் போர்டு ஆபரேட்டருக்கே இருக்க வேண்டும். இரவு இரண்டு மணிக்கு மேலாளரை எழுப்பி அனுமதி கேட்கும் நடைமுறை இருக்கும் ஆலையில் வடிகால் வால்வு இருந்தும் பயனில்லை. தண்ணீர் உலையை எட்ட வழியில்லாத எகனாமைசர் (ஊட்டநீரைச் சூடாக்கும் பகுதி) ஓட்டைக்குச் சாதாரண நிறுத்தம் போதும். இந்த வேறுபாட்டை ஆபரேட்டருக்கு முன்கூட்டியே சொல்லித்தர வேண்டும். நின்றபிறகு பெட் மேலே கறுத்திருந்தாலும் உள்ளே கனல் இருக்கும். தெர்மோகப்பிளைப் பெட்டுக்குள் செருகி, எல்லா இடத்திலும் 427 டிகிரிக்குக் கீழே என்று உறுதியாகாமல் தண்ணீர்க் கழுவலைத் தொடங்கக்கூடாது.

கடைசியாக, கிரீன் லிக்கரைச் சுண்ணாம்பால் ஒயிட் லிக்கராக்கும் காஸ்டிசைசிங். கிரீன் லிக்கரில் வந்த சிலிக்கா சுண்ணாம்போடு சேர்ந்து கால்சியம் சிலிக்கேட்டாக மாறும். அது மென்மையான குழம்பு, சீக்கிரம் அடியில் படியாது, வடிகட்டியில் தண்ணீரைப் பிடித்துவைக்கும். படியவில்லை என்று சுண்ணாம்பை மேலும் போட்டால் நிலைமை மோசமாகும். 100 கிலோ சுண்ணாம்புக்கு 178.5 கிலோ உலர்ந்த சேறு. பாதி ஈரமென்றால் 357 கிலோ. மர ஆலைகள் இதைச் சூளையில் மீண்டும் சுட்டுச் சுண்ணாம்பாக்குகின்றன. சக்கைச் சேற்றைச் சுட்டால் சிலிக்கா சுற்றுக்குள்ளேயே தங்கிப் பெருகும், சூளையில் வளையங்கள் கட்டும். அதனால் ஒரு பங்கையாவது வெளியே தள்ளியே ஆக வேண்டும். டி.என்.பி.எல். இந்தச் சேற்றையும் பாய்லர் பறக்கும் சாம்பலையும் சேர்த்துச் சிமெண்டாக்குகிறது. சிமெண்டுக்குப் போகும் சேற்றில் மிச்ச சோடா கூடினால் அங்கே சூளையில் படிவும் தரக்குறைவும் வரும், இங்கே ரசாயனம் போகும். சேறு வடிகட்டியின் ஷவர் நீர் சூடாக இருக்கிறதா, நாசில்கள் அடைக்காமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். மிச்ச சோடாவை ஷிப்டுக்கு ஒருமுறை உலர் எடையின் சதவீதமாக எழுதிவையுங்கள். அந்த ஷவர் நீர்தான் வீக் வாஷாகி டிஸால்விங் டேங்குக்கு வருகிறது. அதன் அளவு கூடினால் கிரீன் லிக்கர் நீர்த்துவிடும், சமையலுக்குப் போகும் ஒயிட் லிக்கரும் நீர்த்துவிடும், பிறகு அந்தத் தண்ணீரும் எவாப்பரேட்டரில்தான் நிற்கும்.